படகைக் கட்டிவைக்கும் இடமும் உரிமத்தில் இருக்க வேண்டும்

படகுக்கு உரிமம் கொடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை அது ஓடும் நேரத்தைப் பற்றியவை. எத்தனை பேர் ஏறலாம், எஞ்சின் எத்தனை குதிரைத் திறன் கொண்டது, உயிர்காப்பு அங்கிகள் போதுமா, ஓட்டுநரிடம் சான்றிதழ் உண்டா என்பவை எல்லாம் கேட்டே தீர வேண்டியவைதான். ஆனால் ஏரியிலும் கழியிலும் ஓடும் உல்லாசப் படகு நாளொன்றுக்குச் சில மணி நேரமே ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம், மழைக்காலமானால் வாரக்கணக்காக, ஏதோ ஒரு கரையில் கட்டிக் கிடக்கிறது. அது எந்தக் கரை, அங்கே எத்தனை நாள் கிடக்கலாம், கயிறு அறுந்தால் யார் பொறுப்பு என்பதையும் உரிமத்திலேயே எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பக்கத்துக் கழியோரம் ஒன்றில் ஒரு ஃபைபர் படகு நெடுநாளாகக் கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது பொருத்தியிருந்த பலகையில் போல்ட் துளைகள் மட்டும் துருக்கறையோடு தெரிகின்றன. உள்ளே கணுக்கால் அளவு மழைநீர் தேங்கி, கொசுப்புழு நெளிகிறது. பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே மிச்சம். கை வலை வீச வருகிறவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி நடக்கிறார்கள். யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது என்று தெரியாத படகை எந்த அலுவலராலும் அகற்றச் சொல்ல முடியாது. எண் அழிந்த அன்றே விதியும் அங்கே செயலற்றுப் போய்விடுகிறது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்கு ஆய்வுச் சான்று, பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. துடுப்பு போன்றவற்றால் இயங்கும் படகுகளை உள்ளாட்சி அமைப்புகள் வழியாகப் பட்டியலிடவும், சிதைந்த கலங்களைக் கையாளவும் அதில் வழி இருக்கிறது. பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்த விபத்தைவிட வேறு சான்று தேவையில்லை. மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றி, முறையான பதிவு முடியாமலே ஓட்டியிருந்தார்கள். ஆனால் தினமும் படகு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைத் தலைநகரத்தில் இயற்றிய சட்டத்தால் செய்துவிட முடியாது. கரையில் இருப்பவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நிர்வகிக்கும் நீர்த்தேக்கங்களின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பயன்பாட்டில் இல்லாத படகை அனுமதிக்கப்பட்ட இடத்தில் பத்திரமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் நீரிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துச் சென்றுவிட வேண்டும். கவனிப்பாரின்றி 24 மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் உடைமையைக் கைவிடப்பட்டதாகக் கருதி எடுத்துச் சென்று வைக்கவும், அதற்குக் கட்டணம் வாங்கவும் அதிகாரம் உண்டு. நம் ஊருக்கு 24 மணி நேரம் பொருந்தாமல் போகலாம். ஆனால் கெடுவை எண்ணில் எழுதிவிட்டதால், காவலர் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்கா வரை போகத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கடலூர் மீனவ ஊர்களான தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ கரையேற்றிய படகுகளுக்கிடையே நடந்து பாருங்கள்: எந்தப் படகு யாருடையது என்று கேட்டால் சிறு பையனும் சொல்வான். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கும். விசைப்படகுகளுக்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் நேரில் வந்து ஆய்வு செய்கிறார்கள். ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு வரி விலக்கு டீசல் நிறுத்தப்படும் என்பதால், அபராதத்துக்கு அஞ்சாதவரும் அந்த நாளில் படகை ஆய்வுக்குக் கொண்டு வந்துவிடுகிறார். உல்லாசப் படகுக்கு இப்படியொரு பிடிமானம் வேண்டும். பயணிகளை ஏற்றும் படகுத்துறை அனுமதியே அந்தப் பிடிமானமாகலாம்: கட்டுமிடத்தைக் காட்டாத படகுக்கு அடுத்த பருவத்தில் துறையில் இடம் இல்லை என்று விதி எழுதினால் போதும்.

மழைக்காலத்துக்குத் தனி இடம் தேவை என்பதைக் கடலூர்க்காரனான நான் அழுத்திச் சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது காற்றுதான் எதிரி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது, பின்னர் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டு வந்தது. கடலைப் பார்த்துக் கட்டிய கயிறு பின்னாலிருந்து வரும் ஆற்று வெள்ளத்துக்குத் தாங்காது. அறுத்துக்கொண்டு போகும் படகு பாலத் தூணிலோ அடுத்தவர் படகிலோதான் போய் மோதும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகை எந்த மேட்டில் ஏற்றி வைப்பது என்பதும் உரிமத்தில் இருக்கட்டும். ஊசுட்டேரி போன்ற பறவைகள் சரணாலயத்தில், வலசைப் பறவைகள் வரும் அதே மாதங்களில் கோரைப் புல்லின் மீது படகை இழுத்துப் போடவும் கூடாது.

எண்ணை இருபுறமும் வெளியே பெரிதாக எழுதுவதோடு, வெயில் படாத உள்பக்கத்திலும் செதுக்க வேண்டும். கெடு தாண்டிய படகில் தேதியிட்ட நோட்டீசை ஒட்டி, அதன் நகலை ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் முன்பணம். பழைய மரப்படகின் பலகையும் ஆணியும் ஏதாவது விலைக்குப் போகும். உடைந்த ஃபைபரை வாங்க ஆள் இல்லை. எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மட்காது, அறுத்து அப்புறப்படுத்த ஆள்கூலியும் வண்டி வாடகையும் ஆகும். அந்தச் செலவை உரிமம் வாங்கும் நாளிலேயே உரிமையாளரிடம் வைப்புத் தொகையாக வாங்கிக்கொண்டு, படகை விற்றாலோ முறையாகக் கழித்தாலோ திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால், அந்தச் சுமை ஊராட்சியின் தலையில் வந்து விழாது.