மாரி வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின்

வன்னிக்கு மாரி மழை புதிதில்லை. ஆனால் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7% கூடுதலான நீராவியைத் தாங்கும்; பெய்யத் தொடங்கினால் ஒரேயடியாகக் கொட்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெள்ளத்தில் நின்றதும் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டி உள்ளே விழாவிட்டால் கிணறு சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் பிள்ளைகளை வயிற்றோட்டத்தில் படுக்கவைக்கிறது. மலசலகூடக் குழி 50 அடி தள்ளியிருந்தாலும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே காய்ந்த மண் இருந்தால்தான் கிருமி வடிபடும். நீர்மட்டம் குழிவரை ஏறிவிட்டால் வடிக்க மண்ணே இல்லை. நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வருகிற வழி அதுதான்.

ஆகவே வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள். முதலில் கலங்கல் தெளியட்டும்; சேறு குளோரினைத் தின்றுவிடும். சுற்று நிலம் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை முழுக்க இறைக்கவேண்டாம், கட்டு உள்ளே சரியும். பிறகு அளவு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 785. எல்லாம் மீற்றரில், விடை லீற்றரில். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் சுமார் 14,000 லீற்றர். 30% குளோரின் உள்ள வெளிற்றும் தூள் (ப்ளீச்சிங் பவுடர்) என்றால் 1,000 லீற்றருக்கு 170 கிராம், மொத்தம் 2.4 கிலோ. கட்டிபட்டு, மூக்கைத் துளைக்கும் மணமும் போன பழைய தூளில் வீரியம் இருக்காது. இந்தக் கணக்கு அதற்குச் சரிவராது.

கையுறை போட்டு, திறந்த வெளியில், கொஞ்சம் கொஞ்சமாக வாளித் தண்ணீரில் தூளைக் கரையுங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேல் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை அடிவரை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். உட்சுவரிலும் அதே தண்ணீரை ஊற்றிக் கழுவவேண்டும். மாலையில் செய்தால் இரவு முழுக்க விடலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது. காலையில் மணம் போகும்வரை இறையுங்கள். பயிருக்கோ குளத்துக்கோ விடாதீர்கள்.

இது ஒருமுறை கழுவல் மட்டுமே. குழிக்குள் நீர் நிற்கும்வரை கிருமி திரும்பவும் ஊறி வரும். ஆகவே மாரி முடியும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்தே ஆறவிடுங்கள், பொங்கிக் கொதித்து ஒரு நிமிடமாவது ஆகவேண்டும். பீஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லி, தண்ணீரில் எஞ்சி நிற்கும் மிச்சக் குளோரினையும் பார்ப்பியுங்கள்: குடிநீருக்கெனக் குளோரின் கலந்தால், அரை மணி கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் நிற்கவேண்டும்.