கைமாறிய காருக்குக் கொம்பனி வாரண்டி: காசு கொடுக்க முன்னர் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 இல் திரும்பத் திறந்தது. அதற்குப் பிறகு பிறாண்ட் நியூவாக இறங்கிய கார்கள் சில யாழ்ப்பாணத்திலும் இரண்டாம் கைக்கு வருகின்றன. விளம்பரத்தில் ‘கொம்பனி வாரண்டி இருக்கு’ என்று ஒரு வரி இருந்தால் விலை ஏறிவிடுகிறது. அந்த வரிக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண்போகாமல் இருக்க, முற்பணம் கொடுக்க முன்னரே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. பெயர் மாற்றம் முடிந்த பிறகு செய்வது வெறும் பதிவு வேலை. வாரண்டி உயிரோடு இருக்கிறதா என்பது அதற்கு முன்னரே முடிவாகியிருக்கும்.

முதலில் அடிப்படை. தயாரிப்பாளரின் வாரண்டி பெரும்பாலும் காரின் சாசி நம்பரோடு ஒட்டியது. உரிமையாளர் மாறினாலும் மிச்சக் காலம் காரோடு வரும். ‘3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர்’ என்று எழுதியிருந்தால் எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. நாள் எண்ணத் தொடங்குவது முதல் உரிமையாளர் காரை எடுத்த நாளிலிருந்து அல்லது முதல் பதிவு நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளுக்கு அதில் இடமில்லை. கிலோமீற்றர் கணக்கையும் சாதாரணமாக எடுக்க வேண்டாம். கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். கிழமைக்கு இரண்டு தடவை ஹயர் ஓடிய கார் 63 கிழமைக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். காருக்கு ஒன்றேகால் வயதுதான், ஆனால் வாரண்டி முடிந்திருக்கும். முடியாவிட்டாலும், ஹயருக்கு ஓடிய காருக்கு வாரண்டியைக் குறைக்கிற அல்லது மறுக்கிற நிபந்தனை பல வாரண்டிக் கையேடுகளில் இருக்கிறது.

யூடியூப்பில் பார்த்த வெளிநாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவருகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹுண்டாயும் கியாவும் எஞ்சின், கியர்பொக்ஸ் பகுதிகளுக்குக் கொடுக்கிற 10 வருட, 100,000 மைல் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டுமே. இரண்டாமவருக்கு அது 5 வருடம், 60,000 மைலாகச் சுருங்கும். வாரண்டி நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் காரின் கையேட்டில் இலங்கைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

எங்கள் ஊரில் மிகப் பெரிய குழப்பம் ரீகண்டிஷன் கார்களில். யப்பானில் ஓடிய காரோடு வருகிற வாரண்டிப் புத்தகத்தைக் காட்டி ‘5 வருட வாரண்டியில் இன்னும் 2 வருடம் இருக்கு’ என்று சொல்வார்கள். யப்பானில் வழமை இதுதான்: பொது உதிரிப்பாகங்களுக்கு 3 வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், எஞ்சின், கியர்பொக்ஸ் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். அங்கேயே உரிமையாளர் மாறினால் அந்தப் பிராண்டின் டீலரிடம் காரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, புத்தகத்தில் பதிந்து முத்திரை போடுவித்தால்தான் வாரண்டி தொடரும். அதுவும் யப்பானுக்குள் மட்டும் செல்லும். கப்பலில் ஏறியதோடு அது முடிந்தது. ரீகண்டிஷன் காருக்கு இங்கே கிடைப்பது விற்கிற கார் சேல்காரர் தருகிற சொந்த வாரண்டி. அது அவருக்கும் முதல் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தம். இரண்டாமவருக்குச் செல்லும் என்று பில்லிலோ கடிதத்திலோ எழுதியிருந்தால் ஒழிய அதை நம்பிப் பேரம் பேச வேண்டாம்.

எந்த வகைக் கார் என்று தெரியாவிட்டால் சாசி நம்பரைப் பாருங்கள். யப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காரில் மொடல் குறியீடும் ஒரு கோடும் அதற்குப் பின் தொடர் இலக்கமும் இருக்கும். வாகன் ஆர் ஹைபிரிட் என்றால் ‘எம்எச்55எஸ்’ என்று தொடங்குவது போல. ஏற்றுமதிக்குச் செய்த காரில் 17 எழுத்தும் இலக்கமும் கலந்த நம்பர் இருக்கும். இந்தியாவில் செய்த மாருதி சுசூகி ‘எம்ஏ3’ என்று தொடங்கும். 17 இருந்தாலே ஏஜென்ட், அதாவது அந்தப் பிராண்டை இங்கே விற்க அதிகாரம் பெற்ற கொம்பனி, கொண்டுவந்த கார் என்று முடிவெடுக்கவும் கூடாது. வேறு நாட்டு டீலரிடம் வாங்கித் தனியார் இறக்கிய பிறாண்ட் நியூ காரிலும் 17தான் இருக்கும். இங்குள்ள ஏஜென்ட் அதற்குப் பொறுப்பெடுப்பாரா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, சாசி நம்பரோடு ஏஜென்டின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஈமெயில் எழுதுவது. போனில் கதைத்தாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்க வேண்டியவை: இந்தக் காரை நீங்கள்தான் விற்றீர்களா, வாரண்டி தொடங்கிய திகதி எது, முடிகிற திகதியும் கிலோமீற்றரும் எவை, கடைசியாக உங்கள் வேர்க்ஷொப்புக்கு வந்தபோது மீற்றர் எவ்வளவு, எந்தச் சேர்விஸ் பதிவாகியிருக்கிறது, எது தவறியிருக்கிறது, வாரண்டி எந்தப் பகுதிக்காவது ரத்துச் செய்யப்பட்டிருக்கிறதா, இரண்டாம் உரிமையாளருக்குப் பதிய என்ன கேட்பீர்கள். வாடிக்கையாளர் விபரம் என்று சொல்லி ஏஜென்ட் தயங்கினால், விற்கிறவரையே தன் ஈமெயிலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார். எழுத மறுத்தால் அந்தக் காரின் வாரண்டிக்கு ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மீற்றர் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏஜென்டின் பதிவில் எட்டு மாதத்துக்கு முன் 48,000 என்று இருந்து, இன்று டாஷ்போர்டில் 41,000 நின்றால் மீற்றர் திருப்பப்பட்டிருக்கிறது. அப்படிக் கண்டால் வாரண்டியும் போச்சு, காரும் வேண்டாம்.

சேர்விஸ் பதிவுதான் வாரண்டியின் உயிர். கையேட்டில் சொன்ன இடைவெளி 5,000 ஆனாலும் 10,000 ஆனாலும், அதைத் தாண்டி ஓடிய ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சம்பந்தமான கிளெய்முக்கு எதிரான சாட்சி. வெளிக் கராஜில் சேர்விஸ் செய்தால் வாரண்டி போகுமா என்பது கையேட்டு நிபந்தனையைப் பொறுத்தது. சில இடங்களில் ஏஜென்டின் வேர்க்ஷொப் கட்டாயம், சில இடங்களில் சரியான ஒயிலும் அசல் ஃபில்டரும் போட்டதற்கு ஆதாரம் போதும். அந்த ஆதாரம் என்றால் திகதி, மீற்றர், ஒயிலின் தரம், அளவு, ஃபில்டரின் பார்ட் நம்பர் எல்லாம் எழுதிய பில். ‘ஒயில் மாத்தினது’ என்று துண்டுக் கடதாசியில் எழுதியதை எவரும் ஏற்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் காரில் தனியாகப் பார்க்க வேண்டியது ரேடியேற்றர். வலிகாமத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது, வன்தன்மை கூடியது. கரையோரம் போகப் போக உவரும் சேரும். கூலன்ட் குறைந்தபோது கிணற்று நீரை ஊற்றிவந்தால் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படியும், அலுமினியம் அரிக்கும், வோட்டர் பம்ப் சீல் போகும். பிறகு எஞ்சின் சூடேறி ஹெட் காஸ்கட் போனால் ஏஜென்ட் முதலில் கூலன்டைத்தான் சோதிப்பார். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் தன் நிறத்தோடு தெளிவாக இருக்க வேண்டும். வெளிறிப்போய், மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவோ கறளோ இருந்தால் தண்ணீர் ஊற்றி ஓடியிருக்கிறார்கள்.

அடுத்தது கறள். பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பக்கமும் தினமும் ஓடுகிற காருக்கு உப்புக் காற்று அடியில் பிடிக்கும். காரின் பொடிக்குக் கொடுக்கிற கறள் வாரண்டி வழமையாக உள்ளிருந்து அரித்துத் துளை விழுந்தால் மட்டுமே. கல்லடிபட்டுப் பெயின்ட் போன இடத்தில் தொடங்கியதும், அடிபட்டுத் தட்டிப் பெயின்ட் அடித்த இடத்தில் வந்ததும் அதற்குள் வராது. மாரி வெள்ளத்தில் நின்ற காரென்று சந்தேகம் இருந்தால் சீற் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வயரிங் வாரண்டியை மறந்துவிடலாம்.

வயரிங் பற்றிப் பேச்சு வந்ததால்: அலாரம், அன்ட்ரொயிட் பிளேயர், கூட்டிப் போட்ட லைற் எல்லாவற்றையும் எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். அசல் சொக்கெற்றில் கொழுவியிருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. வயரின் தோலைச் சீவி முறுக்கி ரேப் சுற்றியிருந்தால், அந்தச் சுற்றில் இருக்கிற கொம்பியூட்டர் பெட்டிக்கோ சென்சருக்கோ வாரண்டி கேட்டால் மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம் கிடைக்கும்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் பெரிய காசு இருப்பது பற்றரியில். அதற்கு வாரண்டி தனி. 8 வருடம், 160,000 கிலோமீற்றர் என்பது பல எலெக்ட்ரிக் கார்களில் காண்கிற அளவு. அதில் இரண்டு விடயம் கலந்திருக்கிறது. பழுதாகிப் போவது ஒன்று, கொள்ளளவு குறைவது மற்றொன்று. குறைவுக்கு வாரண்டி கிடைக்க ஒரு எல்லை இருக்கும், 70 வீதம் பரவலானது. நிசான் லீஃபில் டாஷ்போர்டில் 12 கட்டங்கள். ஒன்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கிளெய்ம். எனவே ஒன்பது கட்டத்தில் நிற்கிற கார் வாரண்டிக் கணக்கில் இன்னும் நல்ல கார்தான், வாங்குகிறவருக்கு அப்படியல்ல. ரொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட்டில் பின்சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரி ஃபானுக்குக் காற்று இழுக்கிற கிறில் இருக்கும். புழுதி அடைத்தாலோ அதற்கு மேல் பை, துணி வைத்து ஓடினாலோ பற்றரி சூடேறிச் செல் போகும். அது பராமரிப்புக் குறை, தயாரிப்புக் குறையாகக் கணிக்கமாட்டார்கள். பற்றரியின் ஆரோக்கிய அறிக்கையை ஏஜென்டின் ஸ்கானரில் எடுத்து அச்சிட்டு வாங்குங்கள்.

பிரேக் பாட், கிளச் பிளேட், வைப்பர், பல்ப், ஃபில்டர் எதற்கும் வாரண்டி இல்லை. ரயருக்கு ரயர் கொம்பனிதான் பொறுப்பு.

இனிப் பெயர் மாற்றம். இங்கே பலர் சறுக்குகிற இடம் ஓப்பன் பேப்பர். விற்றவர் ஒப்பம் வைத்த வெறும் படிவங்களோடு கார் மூன்று கை மாறியிருக்கும், பதிவுப் புத்தகத்தில் முதலாமவர் பெயரே நிற்கும். வாரண்டி கிளெய்ம் செய்யும்போது ஏஜென்ட் பார்ப்பது பதிவு உரிமையாளரை. சட்டப்படி கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற இரண்டு படிவங்களும் பதிவுப் புத்தகமும் தேவை. லீசிங் இருந்தால் புத்தகத்தில் லீசிங் கொம்பனி அறுதி உரிமையாளராக நிற்கும், மூலப் புத்தகமும் அவர்களிடமே இருக்கும். உறுதிப்படுத்திய போட்டோக்கொப்பி கேட்டு வாங்கி வையுங்கள். நீட்டிப்பு வாரண்டி தனியாக வாங்கியிருந்தால் அதன் ஒப்பந்தத்தை இந்தக் கட்டத்தில் கட்டாயம் வாசிக்க வேண்டும். கைமாறி இத்தனை நாளுக்குள் எழுதி அறிவிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், ஒரு தடவைதான் மாற்றலாம் என்ற நிபந்தனைகள் அதில்தான் வரும். புதிய புத்தகம் வரும்வரை காத்திருந்தால் அந்த நாள் கடந்துவிடலாம். திணைக்களத்தில் படிவம் கொடுத்த பற்றுச்சீட்டோடு உடனே அறிவித்து, புத்தகத்தைப் பிறகு அனுப்புங்கள்.

ஏஜென்டுக்குக் கொடுக்கிற கடிதம் இவ்வளவு போதும்:

‘சாசி இலக்கம் …, பதிவு இலக்கம் … கொண்ட காரை … ஆம் திகதி … அவர்களிடமிருந்து வாங்கியுள்ளேன். அன்றைய மீற்றர் … கிலோமீற்றர். மிச்சமுள்ள தயாரிப்பாளர் வாரண்டியை என் பெயரில் பதிந்து, முடிகிற திகதியையும் கிலோமீற்றரையும் எழுத்தில் உறுதிப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திரும்பப்பெறும் அறிவித்தல்களை என் தற்போதைய முகவரிக்கும் தொலைபேசிக்கும் அனுப்பவும்.’

இணைக்க வேண்டியவை பதிவுப் புத்தகப் பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, விற்றவரின் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம், வாரண்டிக் கையேட்டின் முதல் பக்கம், மீற்றரின் படம். கடிதத்தின் கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். தயாரிப்புக் குறை கண்டு கொம்பனியே கார்களைத் திரும்ப அழைத்துச் செய்கிற பழுதுபார்ப்பு வாரண்டியோடு சம்பந்தப்பட்டதல்ல, காலம் முடிந்த காருக்கும் உண்டு. தகாத்தா கொம்பனியின் எயார்பேக்குகளுக்காகக் கார்களைத் திரும்ப அழைத்த விவகாரத்தில், பையை ஊதவைக்கிற வெடிமருந்தைக் கெடுத்தது நீண்டகால வெப்பமும் ஈரப்பதனும். எங்கள் காலநிலை அதுதான். அறிவித்தல் பழைய உரிமையாளரின் விலாசத்துக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே வராது.

வாரண்டி கையில் வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. ஏ9 இல் வவுனியா தாண்டி வெப்ப முள் ஏறினால் அல்லது ஒயில் லைற் எரிந்தால் ‘ஊர் போய்ச் சேருவம்’ என்று ஓட வேண்டாம். பழுதானது தேர்மோஸ்டற்றாக இருக்கலாம், அது வாரண்டிக்குள் வரும். எச்சரிக்கை லைற்றைப் பார்த்தபடி ஓடி எஞ்சின் பிடித்தால் அது ஓட்டுநர் குற்றமாகிவிடும். அதைக் கொம்பியூட்டரே பதிந்து வைத்திருக்கும். ஓரம் கட்டி, டாஷ்போர்டைப் படம் எடுத்து, ஏஜென்டுக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் இடத்துக்குக் கட்டியிழுத்துக் கொண்டுபோங்கள். ஏஜென்ட் பார்க்க முன்னர் ஊர்க் கராஜில் திறந்து பார்க்கவும் கூடாது. கழற்றிய பாகத்தின் முந்தைய நிலை என்னவென்று பிறகு எவராலும் நிரூபிக்க முடியாது.

கிளெய்மை மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்ப வேண்டாம். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று கையேட்டின் பிரிவு இலக்கத்தோடு எழுத்தில் கேளுங்கள், கழற்றிய பாகத்தைப் படம் எடுங்கள். மறுப்பு நியாயமில்லை என்று தெரிந்தால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம், இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், தாமதிக்காமல் கொடுங்கள். வாங்க முன்னர் ஏஜென்டிடம் பெற்ற ஈமெயில், பெயர் பதிந்ததற்கான பதில், சேர்விஸ் பில்கள், மறுப்புக் கடிதம் ஆகிய நான்கின் பிரதிகளையும் அதோடு இணையுங்கள். மூலங்களைக் கொடுக்க வேண்டாம்.