ஹேங் ஆகும் புகைப்பட மென்பொருள்: ஒரு வாரக் குறிப்பு

பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து வருடவாரியாக அடுக்கும் வேலையை மூன்று மாதமாகச் செய்து வருகிறேன். இரண்டாயிரம் படம் தாண்டிய பிறகு, அடுக்கும் மென்பொருள் ஹேங் ஆக ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து படம் பார்ப்பதற்குள் திரை வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' வந்துவிடும். அரை நிமிடம் கழித்துத் தானாகவே மறுபடி ஓடும்.

முதல் இரண்டு நாள் வீண். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், தம்ப்நெயில் கேச்சை அழித்தேன். எதற்கும் பலன் இல்லை.

மூன்றாம் நாள், கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஹேங் ஆன சமயத்தில் சிபியு 4 சதவீதம்தான். ரேமில் பாதி காலி. டிஸ்க் மட்டும் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் பூஜ்யம்! நூறு என்றால் டிஸ்க் மும்முரமாக உழைக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்டது வந்து சேராமல் காத்துக் கிடக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். மென்பொருள் 5 விநாடி அசையாமல் இருந்தாலே விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று தலைப்பில் போட்டுவிடும். ஆக, மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, படம் வருவதற்காகக் காத்திருக்கிறது.

சரி, படம் ஏன் வரவில்லை? ஒரு நோட்டை எடுத்து, ஹேங் ஆகும் நேரத்தையெல்லாம் எழுதினேன். ஒரே மாலையில் ஏழு முறை. அப்புறம், விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து ஒப்பிட்டேன். நான் எழுதிய ஒவ்வொரு நேரத்துக்கும் அரை நிமிடம் தள்ளி ஒரே எச்சரிக்கை, எண் 129. டிஸ்க்கிலிருந்து பதில் வராததால், புதிதாகத் தொடங்கச் சொல்லும் ரீசெட் கட்டளை அனுப்பப்பட்டது என்று அர்த்தம். அந்த ரீசெட்டுக்குப் பிறகுதான் மென்பொருளுக்கு உயிர் வந்திருக்கிறது. இந்த வாரம் செய்ததிலேயே உருப்படியான வேலை அந்த நோட்டுதான்.

ஹார்டு டிஸ்க் போகப் போகிறதோ என்று பயம் வந்துவிட்டது. வேறு எதையும் தொடாமல், முதலில் எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பிறகுதான், டிஸ்க் தன் நிலையைத் தானே எண்ணி வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களை (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளை) சொல்லும் 05 பூஜ்யம். சந்தேகத்தில் நிற்கும் செக்டர்களைச் சொல்லும் சி5-யும் பூஜ்யம். சி7 மட்டும் 412. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே, போகும் வழியில் தரவு பிசகியதை எண்ணுவது அது. பிசகியது தெரிந்ததும் அதே தரவு மறுபடி அனுப்பப்படும் என்பதால் படங்களுக்குச் சேதமில்லை. அதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். போன மாதம் கூடுதல் ஃபேன் ஒன்று பொருத்தியபோது, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மடித்து ஓரமாகத் தள்ளியிருந்தேன். பக்கத் தகடு அந்த மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. கைவசம் இருந்த வேறு கேபிளை, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்தி மாட்டினேன்.

சி7 எண் எப்போதும் குறையாது, கேபிளை மாற்றினாலும் பழைய கணக்கு அப்படியே நிற்கும். ஏறாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நான்கு நாள் ஆயிற்று, 129 ஒன்றுகூட இல்லை. நேற்று இரவு ஒரே மூச்சில் 180 படங்களை அடுக்கினேன். இன்று காலை பார்த்தபோதும் சி7 412-தான்.