கொதிக்க வைத்த கல்

ஜனவரி 6
மழை விட்டபாடில்லை. வாவித் தண்ணீர் இன்னும் வளவுக்குள் வரவில்லை, அந்தளவில் சந்தோஷம். தம்பி கொழும்பில் வாங்கி வந்த மீன்தொட்டிக் கல்லில் பழுப்பும் பச்சையுமாக ஏதோ படர்ந்து கிடக்கிறது. சட்டைப் பொத்தான் அளவு வட்டங்கள், சுற்றிவர இமை மயிர் போல. தொட்டாற்சுருங்கி மாதிரிச் சட்டென்று மூடிக்கொள்கின்றன. எனக்குப் பிடித்திருக்கிறது. அவனுக்கோ எரிச்சல், மற்றப் பவளங்களை அமுக்குதாம்.

ஜனவரி 8
அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பெரிய சட்டியில் கல்லைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டான். நான் வகுப்பு முடிந்து வரும்போது குசினி முழுக்க ஆவி. அதற்குள் முகத்தை நீட்டிக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு நிற்கிறான்.

பின்னேரம், "அக்கா, வாய்க்குள்ள பத்து ரூவாக் குத்திய வச்ச மாதிரிக் கிடக்கு" என்றான். இரவு நடுக்கம், இருமல், தொடையெல்லாம் உளைவு. டெங்குதான் என்று அம்மா பப்பாசி இலை பிழியத் தொடங்கிவிட்டா.

ஜனவரி 9
விடியமுன் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்தார்கள். டெங்கு இல்லை. கல்லைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். மத்தியானம் என் தொண்டையும் கரகரத்தபோதுதான் பொறி தட்டியது. கல்லைக் கொதிக்க வைத்ததை டொக்டரிடம் சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றார், ஆனால் தேடி வாசித்துவிட்டு வந்து இதயத் துடிப்பையும் இரத்தத்தில் பொற்றாசியத்தையும் பார்க்கச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்ற மனுஷன், நம்பிக்கை வந்தது. மாற்று மருந்து கிடையாதாம். உடம்பு தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான்.

ஜனவரி 10
வாட்டு வாசலில் இருந்து வாசித்தேன். கல்லில் படர்ந்த அந்தப் பொத்தான்களில் இருக்கிற நஞ்சின் பெயர் பாலிடொக்சின். உடம்புக் கலங்களின் சுவரில் இருக்கிற சோடியம்-பொற்றாசியம் பம்பியை எத்தனை வருஷம் படிப்பித்திருப்பேன், மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே என்று. இந்த நஞ்சு அந்தப் பம்பியில் ஒட்டி அதைத் திறந்த வாய்க்காலாக்கிவிடுகிறது. சோடியம் உள்ளே பாய, பொற்றாசியம் வெளியே ஒழுகும். தசையும் இதயமும் என்ன செய்யும்?

ஹவாயின் ஹானா ஊரில் ஒரு குட்டையில் வளர்ந்த இதை முந்தி ஈட்டி முனையில் பூசுவார்களாம். அந்தக் குட்டையைத் தொட்டால் கேடு என்று ஊரார் தடுத்தும், 1961 டிசம்பர் 31 அன்று ஆய்வாளர்கள் மாதிரி எடுத்தார்கள். அன்றைக்கே அவர்களுடைய ஆய்வுகூடக் கட்டடம் எரிந்தது. தற்செயல்தான், ஆனாலும் இரவு வாட்டில் இருந்து வாசிக்கிற கதை இல்லை. நஞ்சைப் பிரித்தெடுத்தது 1971இல்.

எங்கள் பிழை எங்கே என்றால், கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்ற குசினி நம்பிக்கை. உயிர் சாகும், நஞ்சு சாகாது, ஆவியோடு ஏறி நெஞ்சுக்குள் போகும். எல்லாப் பொத்தானிலும் ஒரே அளவு நஞ்சு இல்லை, கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

ஜனவரி 13
வீட்டுக்கு விட்டார்கள். மாடிப்படி ஏறினால் இன்னும் இளைக்கிறான். கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டு, துணி வெளுக்கும் குளோரினை ஊற்றிக் குசினியைக் கழுவினேன். குளோரினுக்கு அந்த நஞ்சு உடையும். கல்லையும் அதற்குள்ளேயே ஊறப் போட்டிருக்கிறேன்.

சட்டியை எறியப் போனேன். அம்மா விடவில்லை.

"குளோரின் ஊத்தித்தானே? மறுகா அதில சமைக்கலாந்தானே?"

"வேணாம்மா."

"உன்ட அம்மம்மாட சட்டி புள்ள அது. பொங்கலுக்கு எதில வைக்கிற?"