சித்தப்பாவின் கிணறுகளும் 3.4 ஜிபி மூட்டையும்

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். "ஏண்டா, ஊர்க் கிணறுகளைப் பத்தி நான் எழுதினதெல்லாம் இருக்கா, போயிருச்சா? புத்தகமா போடலாம்னு ஒருத்தர் கேக்கறார்." 2006இலிருந்து 2016 வரை அவர் எழுத, நான் வலையேற்ற, சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்கள் சிலரும் படிக்க என்று ஒரு சின்ன தளம் ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கும் கட்டணம் ஒரு வருஷம் திடீரென்று ஏறியது, எனக்கும் வேலை மாறியது, சித்தப்பாவும் எழுதுவதைக் குறைத்திருந்தார், சரி போதும் என்று கணக்கை மூடிவிட்டேன். மூடுவதற்கு முன் உருப்படியாக ஒரு காரியம் மட்டும் செய்திருந்தேன். சர்வரை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலுக்குள் போய் முழு பேக்கப் எடுக்கும் பொத்தானை அழுத்தி, வந்த ஃபைலை இறக்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் திறந்து பார்த்ததே இல்லை.

"இருக்கு சித்தப்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

ஒரே ஒரு ஃபைல், 3.4 ஜிபி. பெயரில் முதலில் பேக்கப் என்ற சொல், பிறகு தேதி, நேரம், கடைசியில் கணக்கின் பயனர் பெயர். தேதி அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால், நாள் பின்னால். நம் ஆட்கள் 8.11 என்பதை நவம்பர் 8 என்று படித்துவிட்டு எது கடைசி பேக்கப் என்று குழம்புவார்கள், அது ஆகஸ்ட் 11. பெயரின் வாலில் டார், ஜிஇசட் என்று இரண்டு ஒட்டு இருக்கும். டார் என்பது 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது, காந்த நாடாவில் ஃபைல்களை வரிசையாகப் பதிவதற்கென்று செய்த கருவி. அது எதையும் சுருக்காது, ஆயிரம் ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே சரமாக்கும், அவ்வளவுதான். அந்தச் சரத்தை அழுத்திச் சுருக்குவது ஜீஜிப், அது 1992இல் வந்தது. அதனால்தான் விண்டோஸில் சில மென்பொருள்களில் இதைத் திறந்தால் உள்ளே இன்னொரு ஃபைல் மட்டும் தெரிகிறது, அதையும் திறந்தால்தான் சரக்கு கண்ணில் படும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஜிப் ஃபைலில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும், ஒன்று கெட்டாலும் மற்றது தப்பும். இங்கே மொத்தமும் ஒரே சரம் என்பதால் நடுவில் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளது பெரும்பாலும் போன மாதிரிதான். 2016இல் என் இணைய இணைப்பு இருந்த லட்சணத்துக்கு 3.4 ஜிபி முழுசாக இறங்கியிருக்குமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஜீஜிப்பில் இதற்கென்றே ஒரு சோதனைக் கட்டளை இருக்கிறது, எதையும் பிரிக்காமல் கடைசி வரை ஓட்டிப் பார்த்து, முடிவில் இருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும். நல்லதாக இருந்தால் ஒன்றும் பேசாது. ஒன்றும் பேசவில்லை. அப்பாடா.

பிரித்தேன். வெப்சைட்டைச் சேமித்து வைத்திருக்கிறோம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது வீட்டைக் காலி செய்து ஏற்றிய லாரி. பாத்திரம், பீரோ சாவி, பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதம், யாரும் தொடாத பரண் சாமான் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. மேல்மட்டத்திலேயே இருபது முப்பது ஃபோல்டர்கள், பாதிக்கு இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர்கள். வி-ஏ என்பதில் எந்த முகவரிக்கு வந்த அஞ்சலை எங்கே திருப்பிவிட வேண்டும் என்ற பட்டியல். வி-எஃப்பில் அஞ்சல் வடிகட்டும் விதிகள். எம்-எம் என்றால் மெயில்மேன், அதாவது குழு அஞ்சல் பட்டியல்கள். எஃப்-பி என்ற ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் ஃப்ரண்ட்பேஜுக்காக, அந்த மென்பொருளையே 2006 கடைசியில் நிறுத்திவிட்டார்கள், அதன் நாற்காலி மட்டும் என் 2016 மூட்டையிலும் காலியாகக் கிடந்தது. இன்னொன்றில் டொமைனின், அதாவது தளப் பெயரின், முகவரிப் பதிவுகள், அதில் பழைய சர்வரின் ஐபி எண் அப்படியே.

இருக்கிற கனமெல்லாம் ஹோம்டிர் என்ற ஃபோல்டரில்தான். சர்வரில் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து கொல்லை வரை அதற்குள் அடக்கம். பப்ளிக் எச்டிஎம்எல் அதில் ஒரு அறை, உலகத்துக்குத் தெரிவது அந்த அறை மட்டும். முதலில் எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன், கட்டுரைகளை அங்கே போய்த் தேடினேன். அங்கே தளத்தை ஓட்டிய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளும் படங்களும் மட்டும்தான். படங்கள் என்றால், சித்தப்பா எடுத்த ஒவ்வொரு கிணற்றுப் படத்துக்கும் நாலைந்து பிரதி. 150 பிக்சல் சதுரம் ஒன்று, 300 ஒன்று, 1024 ஒன்று என்று வேர்ட்பிரஸ் தானே வெட்டி வைத்திருக்கிறது. அப்புறம் நான் எப்போதோ நிறுவிய பேக்கப் பிளக்-இன் எடுத்துக் குவித்த பழைய பேக்கப்கள் 900 எம்பிக்கு. பேக்கப்புக்குள் பேக்கப்.

கட்டுரைகள் இருந்தது மைஎஸ்கியூஎல் என்ற ஃபோல்டரில் (வேர்ட்பிரஸ் எழுத்தைச் சேமித்த தரவுத்தளத்தின் பெயர் அது), ஒரே ஒரு எழுத்து ஃபைலாக. நோட்பேடில்கூடத் திறக்கும், கொஞ்சம் மூச்சு வாங்கும். உள்ளே அட்டவணையை இப்படி உருவாக்கு, இந்த வரிகளைச் செருகு என்று கட்டளைகள்தான், ஒரு வரிக்குள் பத்து கட்டுரை இருக்கலாம். இதில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை. பதிவு முடிந்தது என்று தேதியோடு அங்கே ஒரு குறிப்பு இருக்கும். அது இல்லையென்றால் பாதியில் நின்றுபோன பேக்கப் என்று அர்த்தம். எனக்கு இருந்தது. சந்தோஷமாக மேலே போனேன், சந்தோஷம் ஒரு நிமிஷம்தான்.

தமிழே இல்லை. தலைமேல் சாய்கோடு போட்ட ஏ, பக்கத்தில் வணிகமுத்திரையின் கடைசியில் பார்க்கிற வட்டத்துக்குள் ஆர், மறுபடி அந்த ஏ, மறுபடி அந்த ஆர் என்று பக்கம் பக்கமாக. பழைய வலைப்பதிவர்கள் யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த எண்களை லத்தீன் எழுத்துகள் என்று நினைத்துப் படித்தால் 224தான் அந்தச் சாய்கோட்டு ஏ, 174தான் வட்டத்து ஆர். நான் தளத்தை நிறுவியது 2006இல். எந்த எழுத்துமுறையில் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் வரியே வேர்ட்பிரஸின் அமைப்பு ஃபைலில் 2007இல் 2.2 பதிப்போடுதான் வந்தது. அதுவரை சர்வர் எதை இயல்பாக வைத்திருந்ததோ அதுதான், என் சர்வர் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 வைத்திருந்தது. தளம் ஓடியவரை தப்பாக வைத்து, அதே தப்போடு எடுத்துக் காட்டியதால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. பேக்கப் எடுத்தவன், அதாவது சிபேனலின் நிரல், லத்தீனை லத்தீனாக மதித்து யூடிஎஃப்-8க்கு மொழிபெயர்த்துவிட்டான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் படித்தான்.

திருப்பி மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். பிழை, பிழை, பிழை. பிழையைக் கண்டுகொள்ளாமல் போ என்றதும் தமிழ் வந்தது. எப்படி? "ஊர்க்கிணறு" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஊரககிணற". புள்ளி இல்லை, உகரக் குறி இல்லை, ஏ, ஐ இரண்டு எழுத்துகளையும் காணோம். ஓலைச்சுவடியில்தான் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள், சித்தப்பா கீபோர்டில் எழுதினாரே என்று அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான். மைஎஸ்கியூஎல் லத்தீன்-1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252. அந்த அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறிக்கு 129. ஏ 143, ஐ 144. ஏ, ஐ தவிர வேறெந்த எழுத்துக்கும் வராத வினை சரியாக நம் புள்ளிக்கும் உகரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, அவை இரண்டும் இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிவிட முடியுமா!

வழி என்னவென்றால் மைஎஸ்கியூஎல் கட்டியதை மைஎஸ்கியூஎல்லை வைத்தே அவிழ்ப்பது. அது அந்த ஐந்து காலி இடங்களுக்கும் தனக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. என் லேப்டாப்பில் அதை நிறுவி, அந்த எழுத்து ஃபைலை உள்ளபடியே ஏற்றி, அட்டவணையில் கட்டுரை இருக்கும் நெடுவரிசையை முதலில் வெறும் பைட்டுகள் என்று மாற்றி, அப்புறம் இது யூடிஎஃப்-8 என்று சொன்னேன். லத்தீனிலிருந்து நேராக யூடிஎஃப்-8க்குப் போகச் சொன்னால் மறுபடி மொழிபெயர்த்துத் தொலைக்கும், நடுவில் அந்த வெறும் பைட் நிறுத்தம் கட்டாயம். அதற்குப் பிறகு தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி கேட்டேன், 214 கட்டுரைகள் புள்ளியோடு வந்து நின்றன.

214 என்பது வெளியானவை மட்டும். அதே அட்டவணையில் வரைவுகளும், வேர்ட்பிரஸ் 2008இலிருந்து தானாகச் சேர்த்து வைக்கும் முந்தைய வடிவங்களும் உண்டு. ஒரு கட்டுரைக்குப் பதினேழு வடிவம். "அந்த வரியை நீதானே எடுத்த" என்று சித்தப்பா ரொம்ப நாள் ஒரு குறை வைத்திருந்தார், அந்த வரியை எடுத்தவர் அவரேதான், தேதி நேரத்தோடு இருக்கிறது. இதை அவரிடம் சொல்வதாக இல்லை. கருத்துகள் தனி அட்டவணை, ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயர், மின்னஞ்சல், அன்றைக்கு அவருக்கு இருந்த ஐபி எண்.

இங்கே வந்தபோதுதான் லாரியில் என்னவெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறேன் என்பதே உறைத்தது. வேர்ட்பிரஸ் அமைப்பு ஃபைலில் தரவுத்தளப் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறது. அதே பாஸ்வேர்டை அந்தக் காலத்தில் நான் வேறெங்கெல்லாம் போட்டிருந்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் தெரியும். கணக்கின் பாஸ்வேர்டு குழப்பிய வடிவில் ஒரு ஃபைலில், அஞ்சல் பெட்டிகளின் பாஸ்வேர்டுகள் அதே மாதிரி இன்னொன்றில். தளத்தின் இணைப்பைப் பூட்டும் எஸ்எஸ்எல் சாவி, எங்கள் டொமைனிலிருந்து போகும் அஞ்சலுக்குக் கையெழுத்துப் போடும் தனிச்சாவி எல்லாம் தனித்தனி ஃபோல்டரில் பத்திரமாக. எந்த ஐபியிலிருந்து உள்ளே நுழைந்தேன் என்ற பட்டியல்கூட, புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒளிந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட மூட்டையை 2011இல் ஒரு தடவை, இறக்குவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் நகர்த்திவிட்டு எடுக்க மறந்து மூன்று வாரம் விட்டிருக்கிறேன். முகவரியைச் சரியாக அடிக்கிற யாரும் இறக்கியிருக்கலாம். சிபேனல் அதை ஹோம் ஃபோல்டரில் வைப்பது அது வெளியே தெரியாத இடம் என்பதால்தான், அந்த இடத்தைக் கெடுத்தது நான்.

இவ்வளவு இருந்தும் டொமைன் இதில் இல்லை. அதன் முகவரிப் பதிவு மட்டும் இருக்கிறது, உரிமை பதிவு செய்த இடத்தில்தான். நான் புதுப்பிக்காமல் விட்டதில் இப்போது அந்தப் பெயரில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. இன்னொன்று, இந்த முழு பேக்கப்பைப் புது இடத்தில் நம் சிபேனல் பக்கத்திலேயே ஏற்றி மீட்டுவிடலாம் என்று நினைத்தால் நடக்காது, சர்வரின் நிர்வாகிதான் செய்ய முடியும். ஹோம் ஃபோல்டர், தரவுத்தளம் என்று தனித்தனியாக எடுத்திருந்தால் நாமே ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு எழுத்து கிடைத்தால் போதும் என்பதால் தப்பித்தேன்.

மிச்சம் இருந்தது மெயில் ஃபோல்டர். சித்தப்பாவையும் சேர்த்து நாலு பேருக்குப் பெட்டி கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கடிதமும் ஒரு ஃபைல், தலைப்பிலிருந்து உள்ளடக்கம் வரை வெறும் எழுத்தாக. திறக்காமலே நிறையத் தெரியும், ஃபைல் பெயரின் கடைசியில் எஸ் இருந்தால் படித்தது, ஆர் இருந்தால் பதில் எழுதியது. வந்து சேர்ந்து எந்த மென்பொருளும் எடுத்துப் பார்க்காதவை நியூ என்று தனி ஃபோல்டரில் இருக்கும். தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் மட்டும் & குறியில் தொடங்கி கிறுக்கலாகத் தெரியும், அது சர்வரில் இருக்கும் அஞ்சலைக் காட்டும் ஐமேப் முறையின் பழைய வழக்கம், கெட்டுப்போனது இல்லை.

மற்ற மூவருக்கும் போன் செய்து, அவரவர் பெட்டியைத் தனியாகக் கட்டி அனுப்பிவிட்டு என்னிடம் இருந்ததை அழித்தேன். சாவி ஃபோல்டர்களையும். மீதியைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, சித்தப்பாவுக்குக் கட்டுரைகளை ஒரே ஃபைலாக அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டார்.

"என் மெயிலும் இருக்குன்னியே. படிச்சியா?"

"இல்ல சித்தப்பா. ஆனா நியூ ஃபோல்டர்ல 61 இருக்கு. நீங்க பார்க்காமலே விட்டது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

"தொறந்தாத்தான் தெரியும்."

"தொறக்காத. ஞாயித்துக்கிழமை வரேன்."