கொலோனோஸ்கோபி: இரண்டு தடவை போய் வந்தேன்

ஆறு மாதமாக மலத்தோடு ரத்தம். மூலம்தான், உடம்புச் சூடு என்று நானே முடிவுகட்டி, கருணைக்கிழங்கும் மோருமாக நாளைக் கடத்தினேன். எனக்கு 47 வயது, பெரியப்பா குடல் புற்றுநோயில் போனவர் என்று சொன்னதும் டாக்டர் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல் தடவை வீணாய்ப் போனது. முந்தின நாள் "லைட்டா சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், நானும் கீரையும் தக்காளி ரசமும்தானே என்று சாப்பிட்டுவிட்டுப் போனேன். குடல் முழுக்கக் கீரை நாரும் தக்காளி விதையும். பாதியிலேயே குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். பணமும் போச்சு, லீவும் போச்சு.

அடுத்தது வேறு ஆஸ்பத்திரி. அங்கிருந்த நர்ஸ் அக்கா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள பழம், சிறுதானியம் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். முந்தின நாள் காலையில் இட்லி, அப்புறம் இளநீர், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் மட்டும். சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும்.

குடலைக் கழுவ ஒரு பேதி பவுடர் 137 கிராம், இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பாதி சாயங்காலம், மீதி விடிகாலை நாலு மணிக்கு, கால் மணிக்கு ஒரு டம்ளர். உப்புக் கரிக்கும், வழவழவென்று தொண்டையில் நிற்கும், ஃபிரிட்ஜில் வைத்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் கொஞ்சம் பரவாயில்லை. அந்த விடிகாலைப் பாதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: ராத்திரியில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் பெருங்குடலின் வலது பக்கத்தில் படிந்துவிடுமாம், அதைக் கழுவுவது இதுதான். கடைசியில் வெறும் இளமஞ்சள் தண்ணீராகப் போனது, அதுதான் சரியான பதம்.

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தேன், கையில் ஊசி, முழித்தபோது முடிந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது, காற்றை அடக்காமல் விடச் சொன்னார்கள், அரை மணியில் சரியாகிவிட்டது.

ரத்தம் மூலத்திலிருந்துதான். ஆனால் வலது பக்கக் குடலில், முதல் தடவை குழாய் போய்ச் சேராத இடத்தில், 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் சின்னச் சதைக்கட்டி, இருந்தது. அங்கேயே சுருக்குக் கம்பி போட்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். அடினோமா, விட்டிருந்தால் பல வருடத்தில் புற்றாக மாறக்கூடிய வகை. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

தம்பிக்கு 41. நர்ஸ் அக்கா எழுதித் தந்த தாளை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அவனுக்கு.