ராமேஸ்வரத்துல மகாளய அமாவாசை: அப்பாவுக்கும், அப்பா மனசுல வச்சிருந்தவங்களுக்கும்

ராமேஸ்வரம் போகணும், அக்னி தீர்த்தத்துல முங்கி தாத்தாவுக்கு திதி கொடுக்கணும், அம்மாவோட சேர்ந்து 22 தீர்த்தமும் ஆடணும்னு அப்பா பல வருஷமா சொல்லிட்டே இருந்தாரு. ரிட்டயர் ஆனப்புறம் கிளம்பலாம்னு பார்த்தா 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ட்ரெயினை நிறுத்திட்டாங்க. பஸ்ல போலாம்பான்னா கேக்கல, "கடலுக்கு மேல ட்ரெயின்ல போனா தாண்டா அது ராமேஸ்வரம், புதுப் பாலம் வரட்டும்"னு சொல்லிட்டாரு. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 தான் திறந்தாங்க, அப்பா அதுக்கு முந்தின வருஷமே போயிட்டாரு. தலை திவசம் முடிஞ்ச கையோட அம்மா சொல்லிட்டாங்க, அவர் ஆசைப்பட்டதை நீ செஞ்சு முடி, நானும் வர்றேன்னு. அப்படித்தான் இந்த 2025 மகாளய அமாவாசைக்கு, செப்டம்பர் 21 ஞாயித்துக்கிழமை, நாங்க ரெண்டு பேரும் அங்க இருந்தோம்.

ட்ரெயின் பாலத்துல ஏறினதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கடலைப் பார்த்துட்டே வந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. நானும் பேச்சு கொடுக்கல.

அப்பாகிட்ட ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாம மேல சொல்ல முடியாது. அவர் மதிச்ச யாராவது இறந்துட்டா அன்னைக்கு தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் அவங்க பேரை எழுதி ஒரு கவர்ல போட்டு வைப்பாரு. முதல் தாள் 2015 ஜூலை 27, கலாம் ஐயா. 2020 செப்டம்பர் 25 எஸ்.பி.பி., அன்னைக்கு அப்பா சாப்பாட்டுக்கு உக்காரவே இல்ல. 2021 ஜனவரி 19 டாக்டர் சாந்தா அம்மா. எங்க அத்தைக்கு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில தான் வைத்தியம் நடந்துச்சு, இன்னைக்கும் நல்லா இருக்காங்க, 1955ல அங்க சேர்ந்த அந்தம்மா கடைசி வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரலையே அவங்கல்ல தெய்வம்னு அப்பா சொல்லாத நாள் கிடையாது. அதே வருஷம் ஏப்ரல் 17 விவேக். 2023 டிசம்பர் 28 விஜயகாந்த், அன்னைக்கு டிவியை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. அப்பாவுக்கு அப்புறம் அம்மா அதை விடாம செய்யறாங்க. 2024 நவம்பர் 9 டெல்லி கணேஷ், 2025 ஜனவரி 9 பாடகர் ஜெயச்சந்திரன், ஜூலை 14 சரோஜாதேவி அம்மா, எல்லாம் அம்மா கையெழுத்து. அப்பா போன நாளோட தாளும் அதே கவர்ல இருக்கு, பின்னாடி எதுவும் எழுதல. அந்தக் கவரை அம்மா மாத்துத் துணிக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு வந்திருக்காங்கன்னு ராமேஸ்வரத்துல பையைத் திறந்தப்ப தான் எனக்கே தெரியும்.

ஸ்டேஷனை விட்டு வெளிய கால் வைக்கல, புரோக்கர்ங்க சுத்திக்கிட்டாங்க. சார் திதியா, சார் ஹோமமா, டைரக்ட் தரிசனமான்னு ஒரே இரைச்சல். ஒருத்தர் அம்மா நெத்தியைப் பார்த்துட்டு, தில ஹோமம் பண்ணலன்னா அவர் ஆத்மா அலைஞ்சுட்டே இருக்கும்மான்னு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கிற பொம்பளைகிட்ட சொல்ற வார்த்தையா இது? வயிறு வளர்க்க ஆயிரம் வழி இருக்கு, துக்கத்துல இருக்கிறவங்களை பயமுறுத்தி காசு பண்றவங்களை ராமநாதர் தான் கேக்கணும்.

அக்னி தீர்த்தத்துல கால் வைக்க இடம் இல்ல, மகாளய அமாவாசைன்னா சும்மாவா. கரை முழுக்க வட்டம் வட்டமா ஜனங்க, எள்ளு, பிண்டம், வாழை இலை, ஈரத் துணி. முங்கி எழுந்து ஒரு வயசான சாஸ்திரிகள் கிட்ட உக்காந்தேன். இவ்வளவு கொடுன்னு பேசவே இல்ல அவர், உங்களால முடிஞ்சதைக் கொடுங்க தம்பி, முதல்ல உக்காருங்கன்னு தர்ப்பையைக் கையில கொடுத்தார். கோத்திரம் கேட்டார், தெரியாதுன்னேன், சிவ கோத்திரம்னு சொல்லுங்கன்னார். அப்புறம் "அப்பா பேரு?"ன்னு கேட்டார்.

அங்க தான் எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. அப்பா தர்ப்பணம் பண்றப்ப எல்லாம் சின்ன வயசுல இருந்து பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன், அவர் தாத்தா பேரை முதல்ல சொல்வாரு, அப்புறம் கொள்ளுத்தாத்தா, அப்புறம் எள்ளுத்தாத்தா. அந்த மூணு பேரும் எனக்கு மனப்பாடம். இப்ப முதல் பேரா அப்பாவைச் சொல்றேன், தாத்தா ரெண்டாவது ஆயிட்டாரு, கொள்ளுத்தாத்தா மூணாவது. மூணு தலைமுறை முடிஞ்சு போச்சு. நான் விடாம நாலாவதா எள்ளுத்தாத்தா பேரையும் சொல்ல வாயெடுத்தேன், சாஸ்திரிகள் கையைக் காமிச்சு, மூணு தான் தம்பின்னார். அப்பா உள்ள வந்ததால எள்ளுத்தாத்தா வரிசையை விட்டு வெளிய போறாரு. அவரை நான் பார்த்ததில்ல, போட்டோ கூட கிடையாது, இருந்தாலும் இத்தனை வருஷம் கேட்ட பேரு இனிமே வராதுங்கறதை ஏத்துக்கவே முடியல. அப்ப அவருக்கு யாரு தண்ணி விடறதுன்னு கேட்டே விட்டேன்.

அவர் சிரிக்கல, கோவப்படவும் இல்ல. கடைசியில ஒரு தண்ணி இருக்கு, பொறுங்கன்னார். அம்மா வழியும் முடிச்சு, மாமா, அத்தை, குரு, சிநேகிதங்கன்னு காருண்ய பித்ருக்களுக்கும் விட்டு முடிச்சப்புறம் அந்த மந்திரத்தைச் சொன்னார். யாருக்கு அம்மா இல்லையோ, அப்பா இல்லையோ, சொந்தம் இல்லையோ, கோத்திரம் சொல்ல ஆள் இல்லையோ, அவங்க எல்லாரும் நான் விடற இந்த தர்ப்பைத் தண்ணியில திருப்தி அடையட்டும்னு அதுக்கு அர்த்தமாம். "உங்க பாட்டனும் இதுல வருவாரு, நீங்க யாரை நினைக்கிறீங்களோ எல்லாரும் வருவாங்க, தாராளமா விடுங்க"ன்னு சொம்பைச் சாய்ச்சார்.

திரும்பிப் பார்த்தா பின்னாடி அம்மா அந்தக் கவரைத் திறந்து மடியில வச்சிருக்காங்க. ஒவ்வொரு தாளா எடுத்து பேரை வாய்க்குள்ள படிக்கறாங்க, காத்துல பறந்துடாம கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு. எஸ்.பி.பி.க்கு புள்ளைங்க இருக்காங்க, விஜயகாந்துக்கும் இருக்காங்க, அவங்கவங்க வீட்டுல செய்ய வேண்டியதைச் செய்வாங்க, அதெல்லாம் தெரியும். ஆனா எங்க அப்பா அவங்களுக்காக அழுதிருக்காரே, அந்தப் பாசத்துக்கு ஒரு கைத் தண்ணி விடக்கூடாதா? விட்டேன். எள்ளும் தண்ணியும் விரல் இடுக்குல இறங்க இறங்க அம்மா படிச்ச பேரெல்லாம் மனசுல சொன்னேன், எள்ளுத்தாத்தா பேரை மட்டும் வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம் 22 தீர்த்தம். அம்மாவுக்கு முட்டி வலி, தரையெல்லாம் ஒரே ஈரம், பின்னாடி இருந்து தள்ளுறாங்க, ரெண்டு மூணு இடத்துல நசுங்கிட்டோம்னே நினைச்சேன். இவ்வளவு கூட்டம் வரும்னு தெரிஞ்ச நாள்ல வயசானவங்களுக்குன்னு ஒரு தனி வழி விட்டா என்ன? ஆனா கிணத்து மேல நின்னு வாளியில இறைச்சு ஊத்தின ஒரு அண்ணன் அம்மா நடக்கறதைப் பார்த்துட்டு, ஓரமா நில்லுங்கம்மான்னு குனிஞ்சு மெதுவா தலையில ஊத்தினார். கடைசியா கோடி தீர்த்தம் தலையில விழுந்தப்ப அம்மா சின்னப் புள்ள மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு "என்னங்க, ஆடிட்டேங்க"ன்னாங்க. அப்பாகிட்ட தான் சொன்னாங்க.

துணி மாத்திட்டு, 1212 தூண் இருக்கிற அந்த மூணாம் பிரகாரத்துல அம்மாவை உக்கார வச்சு உக்கார வச்சு கூட்டிட்டுப் போனேன். விஸ்வநாதரைக் கும்பிட்டு ராமநாதர் சன்னதிக்குப் போனா, நகருங்க நகருங்கன்னு விரட்டறாங்க. திடீர்னு தீபாராதனை. கூட்டம் அப்படியே நின்னுடுச்சு. சீதையம்மா மண்ணுல பிடிச்ச லிங்கம், அந்த வெளிச்சத்துல முழுசா தெரியறாரு. வேண்டிக்கறதுக்கு நிறைய வச்சிருந்தேன், வீட்டுக் கடன், பொண்ணு படிப்பு, ஒண்ணு கூட வாயில வரல, அப்பாவைப் பத்திரமா பார்த்துக்கோங்க சாமின்னு அது ஒண்ணு தான் வந்துச்சு. அந்த தரிசனம் எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. போதும், அது போதும்.

சாயங்காலம் பேக்கரும்பு போனோம், கலாம் ஐயா நினைவிடத்துக்கு. கோயில் பக்கத்துலயே பிறந்து வளர்ந்தவரு, அவங்க அப்பா படகுல பக்தர்களை தனுஷ்கோடிக்கு ஏத்திட்டுப் போனவரு. கவர்ல முதல் தாள் அவரோடது தானே, பார்க்காம வர மனசில்ல. அம்மா செருப்பைக் கழட்டிட்டு, சன்னதியில நின்ன மாதிரியே கை கூப்பி நின்னாங்க.

ராமநாதா, பர்வதவர்த்தினித் தாயே, அந்த முட்டியோட அம்மாவை நடக்க வச்சீங்களே, கோடி நமஸ்காரம். காசு கேக்காம உக்கார வச்ச அந்த சாஸ்திரிகள், வாளி அண்ணன், கூட்டத்துல அம்மா கையைப் பிடிச்சு ஏத்திவிட்ட அந்த ஆந்திரா அம்மா, எல்லாரும் நல்லா இருக்கணும். அத்தை இப்பவே கேட்டுட்டாங்க, தை அமாவாசைக்கு நானும் வரட்டுமா, சாந்தா அம்மாவுக்கு நானும் கூட நின்னு ஒரு கும்பிடு போட்டுக்கறேன்னு. வாங்க அத்தை, மூணு பேரா போவோம், ட்ரெயின்லயே போவோம்.